42 வயதில் முடிந்த வாழ்க்கை: புதுமைப்பித்தன் கதை இன்றைய இளம் படைப்பாளிகளுக்கு ஏன் முக்கியம்?

1948 மே மாதத் தொடக்கம். ஒரு தமிழ்ப் படத்துக்கு வசனம் எழுதுவதற்காகப் புனே போயிருந்த எழுத்தாளர் ஒருவர், வேலையைத் தொடர முடியாமல் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். அது அவருடைய மனைவியின் ஊர். உடம்பில் காசநோய் முற்றியிருந்தது. இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜூன் 30 அன்று உயிர் பிரிந்தது. வயது 42. மகளுக்கு அப்போது 2 வயது.

அந்த எழுத்தாளர் புதுமைப்பித்தன். தமிழ்ச் சிறுகதை என்றதும் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று. பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். புத்தகக் காட்சியில் அவருடைய முழுத் தொகுப்பைப் பார்த்திருப்போம். ஆனால் அவர் வாழ்ந்த வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், ஐடி வேலைக்கு நடுவே நாவல் எழுதுகிறவருக்கும், ஃப்ரீலான்ஸ் டிசைனருக்கும், உதவி இயக்குநராக அலைகிறவருக்கும் ரொம்பவே பழக்கமான வாழ்க்கையாகத் தெரியும்.

திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, பெயரும் கிடைத்தது. அப்புறம் ஏன் இப்படி முடிந்தது?

யார் இவர்?

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25 அன்று கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை, தாசில்தார். அரசு வேலை என்பதால் அடிக்கடி இடமாற்றம். செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராகப் பையனின் பள்ளிப்படிப்பு நகர்ந்தது. அம்மா பர்வதத்தம்மாள் அவருடைய எட்டாவது வயதில் இறந்துபோனார். பிறகு மாற்றாந்தாய் வந்தார்.

1918ல் அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் படித்து 1931ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். அப்போது வயது 25. படிப்பை முடிக்கத் தாமதம் ஆனதற்கு முக்கியக் காரணம், பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு மற்ற புத்தகங்களையெல்லாம் படித்ததுதான் என்று சொல்லலாம். அதே ஆண்டு ஜூலையில் கமலாவுடன் திருமணம்.

தாசில்தார் வீட்டுப் பையன், பட்டதாரி, கல்யாணமும் ஆகிவிட்டது. அடுத்து என்ன? மகன் அரசு உத்தியோகத்தில் உட்கார வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ எழுத்தில்தான் நாட்டம். இந்த இழுபறி இருவருக்கும் இடையே நிரந்தர மனக்கசப்பாக மாறியது. போதாக்குறைக்கு அது உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். பி.ஏ. படித்தவர்களே வேலை தேடி அலைந்த காலம்.

'மணிக்கொடி': பெயர் கிடைத்தது, காசு?

1933ல் 'காந்தி' பத்திரிகையில் 'குலோப்ஜான் காதல்' என்ற கட்டுரை அச்சானது. அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்து அது. அந்தப் பத்திரிகையை நடத்தியவர் டி.எஸ். சொக்கலிங்கம். பின்னாளில் புதுமைப்பித்தனின் வேலை வாழ்க்கையைப் பெரிதும் தீர்மானித்தவர் இவர்தான்.

அதே 1933ல் கே. ஸ்ரீநிவாசன், வ.ரா., சொக்கலிங்கம் மூவரும் சேர்ந்து 'மணிக்கொடி'யைத் தொடங்கினார்கள். பிறகு பி.எஸ். ராமையா பொறுப்பேற்று அதைச் சிறுகதைக்கான பத்திரிகையாகவே மாற்றினார். 1934 முதல் புதுமைப்பித்தனின் கதைகள் அதில் வரத் தொடங்கின. சென்னைக்கும் குடிவந்தார்.

அன்று தமிழில் புதிதாக ஏதாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவர்கள் கூடிய இடம் 'மணிக்கொடி'. இன்றைய மொழியில் சொன்னால், நல்ல கூட்டம், நல்ல வேலை, ஆனால் பட்ஜெட் கிடையாது. பத்திரிகையை அச்சடித்து வெளியே கொண்டுவரவே திண்டாட்டம். இதில் எழுதுகிறவருக்கு எங்கிருந்து பணம் வரும்? 1930களின் முடிவோடு பத்திரிகையும் நின்றுபோனது.

வேலை செய்தால் பெயர் வெளியே தெரியும், அதுவே பெரிய விஷயம் என்று இன்றைக்கும் புதியவர்களிடம் சொல்லப்படுகிறது. பெயர் தெரிவது நல்லதுதான். புதுமைப்பித்தனுக்கும் 'மணிக்கொடி' மூலம்தான் பெயர் வந்தது. ஆனால் அந்தப் பெயரை மளிகைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியவில்லை.

பகலில் நாளிதழ், மிச்ச நேரத்தில் கதை

அரிசிக்கு வழி செய்தது பத்திரிகை வேலை. 'ஊழியன்' பத்திரிகையில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த 'தினமணி'யில் உதவியாசிரியர் ஆனார். செய்திகளை மொழிபெயர்ப்பது, திருத்துவது, புத்தக மதிப்புரை எழுதுவது என்று அன்றாடம் தீராத வேலை.

அவருடைய மிக முக்கியமான கதைகளில் பெரும்பகுதி இந்தச் சம்பள வேலைக் காலத்தில்தான் பிறந்தது. ஒரு எழுத்தாளன் சுதந்திரமாக, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இருந்தால்தான் நல்லதாக எழுதுவான் என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நேர் எதிர். சம்பளம் குறைவுதான். வேலைப்பளு அதிகம்தான். ஆனாலும் மாதம் பிறந்தால் ஏதோ ஒரு தொகை வரும் என்ற நிச்சயம் இருந்தது. அந்த நிச்சயத்தின் மேல் உட்கார்ந்துதான் அவர் எழுதினார்.

இதற்கு நடுவே சைடு வேலைகளும் குறையவில்லை. மாப்பசான் உட்பட உலக எழுத்தாளர்களின் சுமார் 50 கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். முசோலினி பற்றி 'பேஸிஸ்ட் ஜடாமுனி' எழுதினார். ஹிட்லர் பற்றி இன்னொருவருடன் சேர்ந்து 'கப்சிப் தர்பார்' எழுதினார். கவிதைகளை வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரிலும், காரசாரமான விமர்சனங்களை ரசமட்டம் என்ற பெயரிலும் வெளியிட்டார். சொ.வி., கூத்தன், கபாலி, மாத்ரு என்று இன்னும் பல புனைபெயர்கள்.

மொத்தமாக எழுத்துக்கு அவருக்குக் கிடைத்தது 15 ஆண்டுகள். அதற்குள் சுமார் 100 சிறுகதைகள். 1940ல் 'புதுமைப்பித்தன் கதைகள்' தொகுப்பும், 1943ல் 'காஞ்சனை' தொகுப்பும் வந்தன. எழுதிய எல்லாமே அவர் இருக்கும்போது புத்தகமாகிவிடவில்லை.

சொந்தக் கஷ்டமே கதையானது

படைப்பாளியின் வறுமையைப் பற்றி அழுது எழுதுவது சுலபம். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

'ஒரு நாள் கழிந்தது' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் முருகதாசர் ஒரு எழுத்தாளர். அழியாப் புகழ் தரும் பெரிய நாவல் எழுத வேண்டும் என்பது கனவு. வயிற்றுப்பாட்டுக்கோ விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறார். வீட்டில் மனைவி, துறுதுறு மகள் அலமு. விருந்தாளிக்குக் காபி கொடுக்கக்கூடக் கடன் சொல்ல வேண்டிய நிலைமை. கதையில் பெரிதாக எதுவும் நடக்காது. ஒரு நாள் எப்படியோ ஓடிவிடும். அவ்வளவுதான். ஏஜென்சியில் காப்பிரைட்டராக இருந்துகொண்டு திரைக்கதை எழுதுகிற யாருக்கும் முருகதாசரை அடையாளம் தெரியும்.

1943ல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடவுளே சென்னைக்கு வந்து இறங்குகிறார். வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். பிள்ளை கடவுளிடமும் பத்திரிகைக்குச் சந்தா பிடித்துவிடுகிறார். பிறகு கடவுளும் தேவியும் நாட்டியம் ஆடிப் பிழைக்கலாம் என்று ஒரு பெரிய மனிதர் முன்னால் ஆடிக் காட்டுகிறார்கள். அதெல்லாம் கலையே இல்லை என்று நிராகரிப்புதான் கிடைக்கிறது. ஆதி நடனக்காரருக்கே வாய்ப்பு கிடைக்காத ஊர் என்றால், சாதாரண கலைஞன் கதி என்ன என்பதுதான் அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் கேள்வி.

அதே ஆண்டு எழுதிய 'செல்லம்மாள்' சிரிக்க வைக்காது. சென்னையில் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியைத் தனியாளாகக் கவனித்துக்கொள்கிறார். கடை வேலைக்கும் கட்டிலுக்கும் நடுவே அவர் ஓடும் ஓட்டம்தான் கதை. ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் துணை? ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி எழுதியவர் வீட்டுக் கதவையே தட்டியது.

யாருடைய கதை? தழுவல் சண்டை

காப்பி அடித்தது யார், இன்ஸ்பிரேஷன் எது என்ற சண்டை இன்று தினம் தினம் சோஷியல் மீடியாவில் நடக்கிறது. அன்றும் நடந்தது. வெளிநாட்டுக் கதையை எடுத்து ஊர் பெயரையும் ஆள் பெயரையும் மாற்றித் தமிழ்க் கதையாக்கும் தழுவல் முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். மூல ஆசிரியர் பெயரைச் சொல்லி மொழிபெயர்ப்பதுதான் முறை என்பது அவர் கட்சி. இந்த விஷயத்தில் அன்றைய நட்சத்திர எழுத்தாளரான கல்கியோடும் மோதினார்.

இதில் ஒரு முரண் உண்டு. அவருடைய ஆரம்பகாலக் கதைகள் சிலவற்றுக்கு மாப்பசான் கதைகள் மூலம் என்பது பிறகு தெரியவந்தது. அவருடைய ரசிகர்களுக்கே சங்கடம் தந்த விஷயம் இது. மறைக்க வேண்டியதில்லை. வேகமாக எழுதிக் கொடுத்தாக வேண்டிய நெருக்கடியில், கற்றுக்கொள்ளும் வயதில், பெரிய திறமைசாலியும் தடுக்கி விழுந்த இடம் என்று பார்க்கலாம். மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் மதிப்பு குறையாது, சொல்லாமல் விட்டால் பல பத்தாண்டுகள் கழித்தும் கேள்வி வரும் என்பதற்கு அவரே உதாரணம் ஆனார்.

சினிமாவுக்கு ஏன் போனார்?

1943ல் நிர்வாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டில் சொக்கலிங்கம் 'தினமணி'யை விட்டு விலகினார். அவருடன் வெளியேறியவர்களில் புதுமைப்பித்தனும் ஒருவர். சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யில் சேர்ந்தார். அங்கும் நீடிக்கவில்லை. வேலையை விட்டார்.

அடுத்த கதவு சினிமா. ஒரு கதைக்குப் பத்திரிகை தரும் தொகைக்கும் சினிமா தரும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஜெமினியின் 'ஔவையார்' படத்துக்கான எழுத்து வேலையில் பங்கெடுத்தார். 1953ல் அந்தப் படம் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 'காமவல்லி' படத்துக்கும் எழுதினார்.

இதோடு நிற்காமல், பிறரிடம் கைகட்டி நிற்பதைவிட நாமே ஒரு கம்பெனி தொடங்கினால் என்ன என்று யோசித்தார். அம்மாவின் பெயரில் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் உருவானது. 'வசந்தவல்லி' என்ற படம் எடுப்பது திட்டம். இன்றைக்குச் சேமிப்பைப் போட்டு ஸ்டார்ட்அப் தொடங்குகிறோமே, அந்த மாதிரி. கைவசம் திறமை இருந்தது, கதை இருந்தது. முதலீடும் வியாபார அனுபவமும் இல்லை. படம் எடுக்கப்படவே இல்லை. நஷ்டம் மட்டும் மிஞ்சியது.

அந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டிய நேரத்தில்தான் 'ராஜமுக்தி' வாய்ப்பு வந்தது. சிறையிலிருந்து மீண்ட தியாகராஜ பாகவதரின் படம். படப்பிடிப்பு புனேயில். கைக்குழந்தையையும் மனைவியையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். மனைவியைப் பிரிந்திருப்பது அவருக்குப் புதிதல்ல. கல்யாண வாழ்க்கையின் கணிசமான காலம் அவர் சென்னையிலும் கமலா பிறந்தகத்திலுமாகவே கழிந்தது. இடைவெளியை நிரப்பியவை கடிதங்கள்தான். பாசமும் பணக் கவலையும் கலந்த அந்தக் கடிதங்கள் பின்னாளில் புத்தகமாகவே வந்தன.

மருந்து இருந்தது, ஆனால்...

புனேயில் காசநோய் முற்றியது. காசநோய்க்கான முதல் சரியான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943லேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் 1948ல் இந்தியாவில் ஒரு சாமானியனுக்கு அது எளிதில் கைக்கு எட்டுகிற மருந்து அல்ல. விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது.

அவருக்கு மருத்துவக் காப்பீடு கிடையாது. வைப்பு நிதி கிடையாது. விடுப்பில் இருந்தால் சம்பளம் கிடையாது. எழுதினால்தான் காசு என்ற நிலையில், எழுத முடியாத நாளிலிருந்து வருமானம் பூஜ்யம். இது அவருடைய தனிப்பட்ட அலட்சியம் மட்டும் இல்லை. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியதே அவர் இறந்த 1948ல்தான். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952ல் வந்தது. பத்திரிகையாளர்களின் வேலை நிலைமைக்கான தனிச் சட்டம் 1955ல் வந்தது. அவர் எதற்கும் காத்திருக்கவில்லை.

அவர் போன சில மாதங்களில் 'ராஜமுக்தி' வெளியானது. ஓடவில்லை.

இறந்த பிறகு நடந்தது

1951ல் அவருடைய இளைய நண்பரும் எழுத்தாளருமான தொ.மு.சி. ரகுநாதன் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அது இல்லாவிட்டால் இந்தத் தகவல்களில் பல காற்றோடு போயிருக்கும். பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிப் பிடித்து, காலவரிசைப்படி முழுக் கதைத் தொகுப்பை ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000ல் காலச்சுவடு வெளியிட்டது. 2002ல் தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. அதாவது குடும்பத்துக்கு ஒரு பரிவுத் தொகை கொடுத்து, யார் வேண்டுமானாலும் அவர் எழுத்தை வெளியிடலாம் என்ற நிலையை உருவாக்கியது.

இன்று அவர் கதைகளைப் பல பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆடியோவாகக் கேட்கலாம். பல்கலைக்கழகங்களில் ஆய்வு நடக்கிறது. இவ்வளவும் உருவாக்கிய ஆளுக்குக் கடைசி மாதங்களில் வைத்தியச் செலவே பெரும்பாடு.

இப்போது நிலைமை மாறிவிட்டதா?

கொஞ்சம் மாறியிருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

முதலாவது, பதிப்புரிமை. இந்தியாவில் ஒரு படைப்பின் உரிமை, படைத்தவரின் வாழ்நாள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் இருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால், சட்டப்படி அது 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று பொருள். கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டு வரிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, சினிமா எழுத்து. 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்தில் பயன்படும் பாடல், இசை, கதை வசனம் போன்றவற்றைப் படைத்தவர்களுக்கு, தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளுக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு. அதை ஒப்பந்தம் போட்டு மொத்தமாகப் பறித்துவிட முடியாது. புதுமைப்பித்தன் காலத்தில் இப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. உரிமை காகிதத்தில் இருப்பதும் பணம் கைக்கு வருவதும் இன்றும் ஒன்றல்ல என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, சமூகப் பாதுகாப்பு. கிக் தொழிலாளர்கள் என்ற பிரிவையே மத்தியச் சட்டம் ஏற்றுக்கொண்டது 2020ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில்தான். ஆனால் வீட்டிலிருந்து எழுதியும் வரைந்தும் எடிட் செய்தும் பிழைக்கும் ஒரு ஃப்ரீலான்ஸருக்கு, கம்பெனி ஊழியருக்குக் கிடைக்கும் வைப்பு நிதியும் மருத்துவக் காப்பீடும் தானாகக் கிடைப்பதில்லை. இன்வாய்ஸ் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது மாறவில்லை. அந்த விஷயத்தில் 1948க்கும் இன்றைக்கும் உள்ள தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

வறுமையா அவரை எழுத வைத்தது?

கஷ்டப்பட்டதால்தான் புதுமைப்பித்தன் அப்படி எழுதினார் என்று பலரும் பெருமையாகச் சொல்வது உண்டு. கலைஞன் பசித்திருந்தால்தான் கலை வரும் என்ற இந்தப் பேச்சு, இளம் படைப்பாளிக்குக் குறைவாகக் கொடுப்பதற்கு வசதியான சாக்காகவும் ஆகிவிடுகிறது.

அவர் வாழ்க்கையின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சம்பளம் வந்த ஆண்டுகளில் கதைகள் வந்தன. சம்பளம் நின்றபின் சினிமா அலைச்சலும் கடைசியில் நோயும் வந்தன. அந்தக் கடைசி ஆண்டுகளில் சிறுகதைக்கு அவரால் கொடுக்க முடிந்த நேரம் குறைவு. வறுமை அவருக்குக் கதைப்பொருள் கொடுத்திருக்கலாம். ஆனால் அதே வறுமைதான் எழுதவேண்டிய கையை 42 வயதில் நிறுத்தியது. இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் என்னென்ன எழுதியிருப்பார் என்பது தமிழுக்கு நேர்ந்த நஷ்டக் கணக்கு. அதை யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

அதனால் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகக் கலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவருக்கு அவர் கதை தைரியமும் சொல்கிறது, எச்சரிக்கையும் சொல்கிறது. அலுவலக வேலைக்கு நடுவே எழுதுவது இரண்டாம் தரம் இல்லை. அவர் சிறந்த கதைகள் அப்படி எழுதப்பட்டவைதான். விட்டுப் போவதானால் சில மாதச் செலவுக்கான பணம், ஒரு மருத்துவக் காப்பீடு, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இவை மூன்றும் கையில் இருக்க வேண்டும். இதெல்லாம் கலைக்கு எதிரான கணக்குப் பார்ப்பது அல்ல. கலை தொடர்ந்து நடப்பதற்கான ஏற்பாடு.

வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கிறவருக்கும் அதில் ஒரு செய்தி உண்டு. படைப்பாளி இறந்த பிறகு எடுக்கும் விழாவைவிட, அவர் அனுப்பிய பில்லுக்கு இந்த மாதமே பணம் போடுவதுதான் அவருக்கு உண்மையில் உதவும்.